கச்சேரி வீட்டு நூலகமும் அண்ணாந்து பார்த்த நானும்

நூலகர் உத்தியோகத்தில் புத்தகத்தைப் பார்க்கிற நேரத்தைவிடக் கூரையைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். சிரிக்காதீர்கள். சொந்தக் கட்டடம் இல்லாத அரசு அலுவலகத்தில் ஒரு மழைக்காலமாவது உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாளியை எங்கே வைக்க வேண்டும், நாற்காலியை எங்கே போடக் கூடாது, எந்தச் சுவரில் சாயக் கூடாது என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு மனப்பாடம்.

தஞ்சாவூரில் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனால் கிளை நூலகர்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான். ஒருவருடைய நூலகம் முன்னாளில் மாட்டு ஆஸ்பத்திரி. இன்றைக்கும் யாராவது சினைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்களாம். இன்னொருவருடையது நெல் கிடங்கு. அங்கே வாசகர்களைவிட எலிகள் பழைய உறுப்பினர்கள். எனக்கு வாய்த்தது கச்சேரி வீடு. கச்சேரி என்றதும் திருவையாறு ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இது வேறு கச்சேரி.

பாட்டு இல்லாத கச்சேரி

திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, வாய்க்கால் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊரின் பாதி நிலத்தை வைத்திருந்த மிராசுதார் குடும்பம், குத்தகைக் கணக்குப் பார்ப்பதற்கென்றே ஒரு வீடு கட்டி வைத்திருந்தது. அதுதான் கச்சேரி வீடு; அந்தக் காலத்தில் கச்சேரி என்றால் அலுவலகம். அறுவடை முடிந்ததும் குத்தகைக்காரர்கள் அங்கே வந்து நெல் அளந்துவிட்டுப் போவார்கள். முன்கட்டில் பணப்பெட்டி வைத்திருந்த அறை, தடித்த சுவர், மேலே இரும்பு கர்டர். பின்கட்டில் பெரிய கூடம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு எழுப்பிய மொட்டை மாடி. குடும்பத்தார் ஒவ்வொருவராகப் படித்து, வேலை கிடைத்து, சென்னைக்குப் போனதும் வீடு பூட்டிக் கிடந்தது. அப்போது நூலகம் பஞ்சாயத்து ரேடியோ அறையில் ஒற்றை அலமாரியோடு நடந்துகொண்டிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டுப் பெரிய மிராசுதார், "நம்ம கச்சேரி வீட்டுல கொண்டுபோய் வைங்கய்யா" என்று சொல்லிவிட்டார். வாடகை இல்லை. எழுத்து இல்லை.

நான் பொறுப்பேற்ற வாரமே ஒருவரைக் கவனித்தேன். சின்னையன் என்று பெயர். அறுபது தாண்டிய விவசாயி. தினமும் காலையில் வருவார். செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டம் போட்ட பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி, வாசல் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே படித்துவிட்டு, மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. "உள்ள வந்து உட்கார்ந்து படிங்களேன்" என்றேன். சிரித்தார். இரண்டாம் தடவை கேட்டபோது சிரிக்கவில்லை.

"எங்கப்பா இந்த நிலைப்படிக்கு வெளியில நின்னுதாம்மா நெல்லு அளந்து குடுத்தாரு. உள்ள வரக் கால் வருது, மனசு வரமாட்டேங்குது."

விழுந்த காரை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்தான் எங்கள் நூலகத்தின் முழுநேர வாசகர்கள். அவர்களில் கவிதா என்ற பெண் ஒருத்தி. காலையில் கதவு திறக்கும்போது உள்ளே வந்தால் பூட்டும்போதுதான் வெளியே போவாள். வீட்டில் கல்யாணப் பேச்சு நெருக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தேர்வாகாவிட்டால் சரி என்று தலையாட்டிவிட வேண்டும் என்பது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஏற்பாடு. பின்கட்டுக் கூடத்தில், ஜன்னல் பக்கத்து மேஜை அவளுடையது. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு மதியம். தண்ணீர் குடிக்க எழுந்து பானைப் பக்கம் வந்தாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோயிருப்பாள். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். கூடம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி சுண்ணாம்புத் தூசி. தூசி அடங்கிப் பார்த்தால், அம்மிக்கல் அளவுக்கு ஒரு காரை அவளுடைய மேஜையை உடைத்துக்கொண்டு தரையில் கிடந்தது. நாற்காலியின் முதுகு ஒடிந்திருந்தது. அவளைப் பிடித்து இழுத்து, தலையைத் தடவி, தோளைத் தடவி, ஒன்றும் ஆகவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அந்த வரலாறு புக்கு கிழிஞ்சிருக்கா பாருங்க. நாளன்னைக்குப் பரீட்சை."

வாய் வார்த்தை

அன்றைக்கே கூடத்தைப் பூட்டினேன். மேலிடத்துக்கு எழுதினேன். பொறியாளர் வந்தார். உத்தரத்தில் பேனாவைக் குத்தினார். பேனா பாதி உள்ளே போனது. கரையான் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தது. "பின்கட்டு எந்த நேரத்துலயும் வரும்மா. முன்கட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நான் எழுதினா கட்டடம் மொத்தத்துக்கும் சேர்த்துதான் எழுதணும்" என்றார். எழுதினார். 'உபயோகத்துக்குத் தகுதியற்றது, யாரும் உள்ளே நுழையக் கூடாது' என்று கதவில் ஒட்டியாயிற்று. வேறு இடம் கிடைக்கிறவரை முன்கட்டு வாசலில் ஒரு மேஜையைப் போட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழுது பார்க்கலாமே என்று மிராசுதாரின் பேரனுக்குப் போன் செய்தேன். சுந்தரராமன் என்று பெயர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறவர். அடுத்த வாரமே வந்தார். ஆனால் கூடவே இன்னொருவரும் வந்தார், கையில் அளவு நாடாவோடு. கல்யாண மண்டபம் கட்ட இடம் தேடுகிறவராம். அவர் வாசலை அளந்தார், கொல்லையை அளந்தார், நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் நாடாவைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றார். "உங்க தாத்தா இந்த ஊருக்குக் கொடுத்த இடம் சார்" என்று சுந்தரராமனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு பங்காளிகள், இரண்டு பேருக்கு மருத்துவச் செலவு, பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கடைசியில் சொன்னார்:

"தாத்தா வாய் வார்த்தையா கொடுத்தார் மேடம். வாய் வார்த்தையை வாங்கிக்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஜன்னல் கிடையாது."

புயல் வந்த காலை

வேறு இடம் கிடைப்பதற்குள் புயல் வந்துவிட்டது. மதியத்துக்கு மேல்தான் கரையைக் கடக்கும், அதுவும் தெற்கே தள்ளி என்று சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பூட்டிய கூடத்துக்குள் புத்தகமெல்லாம் அப்படியே இருக்கின்றனவே என்று மனது கேட்கவில்லை. விடிந்ததும் போனேன். நான் போவதைப் பார்த்துவிட்டுச் சின்னையன் தன் நெல் மூடுகிற தார்ப்பாயைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். தார்ப்பாய் பெரிசு. அதை நிலைப்படியில் இடிக்காமல் நுழைக்கிற மும்முரத்தில் நேராக உள்ளே வந்துவிட்டார். நான் பார்த்தேன். அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கூடத்துப் பூட்டைத் திறந்து, உள்ளே போகாமல், அதன் வாசற்படியிலிருந்து கைக்கு எட்டின அலமாரிகளை மட்டும் மூடினோம்.

அதற்குள் காற்று வந்துவிட்டது. எதிர்வீட்டு முருங்கை மரம் சத்தமே இல்லாமல் படுத்தது. யாரோ கதவை அடித்தார்கள். திறந்தால் அஞ்சலை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உள்ள கூரை வீடுகளில் இருப்பவள். நடவுக்கு ஆள் சேர்த்துப் போகிறவள். அவள் பின்னால் பெண்கள், பிள்ளைகள், நடக்க முடியாத ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். கீற்றெல்லாம் பறந்துவிட்டதாம். புயல் முகாம் பள்ளிக்கூடத்தில்தான், ஆனால் மதகின் மேல் தண்ணீர் ஓடுகிறது, தாண்ட முடியாது. கதவில் ஒட்டிய அறிவிப்பு என் முகத்துக்கு நேராகப் படபடத்தது. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே விட்டு, மேலே விழுந்தால்? வெளியே நிறுத்தினால்? அஞ்சலை கெஞ்சவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்குக் கெஞ்சலே தேவலாம். "முன்கட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பொறியாளர் வாயால் சொன்னது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கையை எடுத்தேன். "இந்த ரூமுக்குள்ளயே இருக்கணும், கூடத்துப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது" என்று கத்தினேன்.

பணப்பெட்டி அறையில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். மழை கூரையில் விழுகிற சத்தம், காற்று, குழந்தைகள் அழுகை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "பவி எங்க?" என்றாள். அஞ்சலையின் தங்கை அவள். அவளுடைய நாலு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. கூடத்துக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நான்தான் போனேன். வீரம் என்று நினைக்காதீர்கள். பூட்டாமல் விட்டது நான் என்கிற பயம்தான். குழந்தை நடுக்கூடத்தில் நீள மேஜைக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் வரவில்லை. மேலேயிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்கிற சத்தம், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. தவழ்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். அது மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. எப்படிப் பிய்த்தெடுத்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. சின்னையன் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றார்.

குழந்தையை அதன் அம்மா வாங்கிக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தாள். அது அழ ஆரம்பித்து முடிப்பதற்குள் கூடம் இறங்கியது. இடி மாதிரி இல்லை. லாரியில் செங்கல் கொட்டுகிற மாதிரி நீளமான சத்தம். கதவின் இடுக்கு வழியே தூசி பீறிட்டு அடித்தது. தரை ஆடி நின்றது. முன்கட்டுக் கூரையைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அஞ்சலை மெதுவாகக் கேட்டாள்:

"இடிஞ்சது அந்தப் பக்கந்தானே? நாம இல்லியே?"

களத்தில் காய்ந்தவை

காற்று அடங்கிய மறுநாள் சுந்தரராமனுக்குப் போனில் சொன்னேன். யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு வீட்டை விற்கத்தான் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

இடிபாட்டிலிருந்து புத்தகங்களைத் தோண்டி எடுத்தோம். கவிதா, சின்னையன், அஞ்சலையோடு வந்த பெண்கள். பாதிப் புத்தகம் களி. மீதியைக் காயவைக்க ஊரில் ஈரமில்லாத இடம் என்று ஒன்றுதான் இருந்தது, நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களம். அங்கே தாமதமாக அறுத்த குறுவை நெல் ஏற்கெனவே நனைந்து குவிந்து கிடந்தது. வெயிலோ எப்போது மறையும் என்று தெரியாத வெயில். நாங்கள் புத்தகத்தை விரிக்க ஆரம்பித்ததும் தங்கராசு என்கிற விவசாயி பாய்ந்து வந்தார். "நெல்லு ஈரமா இருந்தா திருப்பி அனுப்பிடுவான். உங்க புத்தகத்துக்கு எவன் ஈரப்பதம் பார்க்கிறான்?" என்று கத்தினார். நியாயமான கேள்விதான். அவருடைய நெல் ஒருபக்கம் முளைவிட ஆரம்பித்திருந்தது. நான் புத்தகங்களை அள்ளத் தொடங்கினேன். கவிதா அள்ளவில்லை. தன் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய நெல்லைக் காலால் துழாவிக் கிண்ட ஆரம்பித்தாள். அஞ்சலையின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். குவியல் பரவியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெல் தள்ளுகிற பலகையை எடுத்துக் களத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"கோட்டுக்கு அந்தாண்ட உங்களுது. பக்கம் பறந்து இந்தாண்ட வந்தா, நெல்லோட சேர்த்து மூட்டை கட்டிருவேன்."

யூரியாவுக்கு மேலே

மிச்சப் புத்தகங்களுக்கு இடம் கொடுத்தவர் உரக்கடை கலியமூர்த்தி. கடைக்கு மேலே ஒரு மாடி அறை காலியாக இருந்தது. கீழே பூச்சி மருந்து நெடி. படி செங்குத்து. படிக்க வருகிறவர்கள் மூச்சு வாங்க வந்து, மூச்சு விடப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் ஒருவரும் வருவதை நிறுத்தவில்லை. கவிதா தேர்வில் வென்று, ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போகிற செய்தியை அந்தப் படியில் ஏறி வந்துதான் சொன்னாள்.

ஒருநாள் புது வரவுப் புத்தகக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இதற்குள் என் உடம்பே தெரிந்து வைத்திருந்தது. அப்படியே நின்றேன். கலியமூர்த்தி சட்டைகூடப் போடாமல் படியேறி ஓடி வந்தார். கடையின் மேல்தளத்தில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவர் திட்டவில்லை. கை கூப்பினார்.

"அம்மா, கீழ யூரியா மூட்டை, மேல உங்க அலமாரி, நடுவுல நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன். தயவு பண்ணுங்க."

கூட்டத்தில் அஞ்சலை

மேலிடம் முடிவாகச் சொல்லிவிட்டது. நிதியாண்டு முடிவதற்குள் பேரூராட்சி மனை ஒதுக்கினால் கட்டடம் கட்ட வழி செய்யலாம், இல்லாவிட்டால் பக்கத்து ஊர் நூலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்று. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் பேரூராட்சிக்கு மேடான ஒரு காலி மனை இருந்தது. அதில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அறிவு, வளர்ச்சி, இளைய தலைமுறை என்று நானே நம்பாத குரலில் பேசினேன். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலைவர் டீ சொன்னார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாதா? முடிந்தது என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

வாசலில் சலசலப்பு. அஞ்சலையும் கூடப் பத்துப் பதினைந்து பெண்களும். நடவு முடித்து நேராக வந்திருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. நான் கூப்பிடவில்லை. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. மனு கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னார் தலைவர். அஞ்சலை உள்ளே வந்து, எனக்கு விட்டிருந்த இடத்தில் நின்றாள். அவள் பேசி முடித்ததும் யாரும் தலையாட்டவில்லை. கடை கட்டுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த உறுப்பினர்தான் முதலில் கை தூக்கினார். அவருடைய வார்டில்தான் அந்தக் கூரை வீடுகள். தீர்மானம் நிறைவேறியது. அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா காத்து வந்தா ஓடிப்போயி நிக்க ஒரு கெட்டிக் கட்டடம் வேணும். அதுக்குள்ள புத்தகம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

புதுக் கட்டடம்

கட்டடம் வந்தது. தரையிலிருந்து உயர்த்தி, கனமான தூண்களோடு, சாய்தளத்தோடு. திறந்து வைத்த அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடியும் புயல் எச்சரிக்கை. காற்று எழும்புவதற்கு முன்பே சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அஞ்சலை தெருவையே அழைத்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தியதும் பழக்க தோஷத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தோம். காற்று சுழற்றி அடித்தது. ஜன்னல்கள் கிடுகிடுத்தன. மின்சாரம் போயிற்று. சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலர்ந்த சுவர். தடவின கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தேன். சிமெண்ட் வாசனை மட்டும்தான்.

சாயங்காலம் காற்று நின்றது. ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை. பிள்ளைகள் அலமாரி இடுக்குகளில் தூங்கிப்போயிருந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி அஞ்சலை அறை முழுக்க ஒரு சுற்று வந்தாள். என்னிடம் ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று நினைத்து நானும் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"இடம் பத்தலம்மா. அடுத்த புயலுக்குள்ள இந்த அலமாரியெல்லாம் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

புத்தகங்களுக்குப் பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்த நான், இத்தனை வருடத்தில் ஒரு வரி விடாமல் படித்து முடித்தது வானிலை அறிக்கை ஒன்றைத்தான்.